ஒரு மூட்டை டிஏபி, 57 கிலோ பாசி

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் பாறைப் பாஸ்பேட்டும் ஒன்று. உரத்துக்கு ஏற்ற நல்ல ரகமென்றால் அதில் 30 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு இருக்கும். வெறும் பாஸ்பரஸாகக் கணக்குப் போட்டால் டன்னுக்கு 131 கிலோ. கந்தக அமிலத்தில் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலமாக்கி, அம்மோனியா சேர்த்து, குருணையாக்கி மூட்டை கட்டினால் டிஏபி. 50 கிலோ மூட்டைக்குள் 9 கிலோ நைட்ரஜன், 10 கிலோ பாஸ்பரஸ். உரக்கடையில் விலை 1,350 ரூபாய். அது முழு விலை இல்லை என்பது ஊரறிந்த விஷயம். 2021 மே மாதம் மூட்டையின் அடக்க விலை 2,400 ரூபாய்க்கு ஏறியபோது, மத்திய அரசு மானியத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தித்தான் விவசாயி கொடுப்பதை 1,200 ரூபாயில் நிறுத்தியது.

அந்த மூட்டை லாரியேறித் தாமிரபரணிப் பாசனத்துக்குப் போகிறது. நெல்லோ வாழையோ, போட்ட மணிச்சத்தில் பயிர் முதல் பருவத்தில் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 முதல் 25 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிறு பங்கு வடிகாலில் இறங்கி, கால்வாய், குளம், மறுகால், ஆறு என்று போய், இறங்கிய துறைமுகத்துக்குத் தெற்கே புன்னைக்காயலில் மறுபடி கடல் சேர்கிறது. இறக்குமதிக்குப் பில் உண்டு. மானியத்துக்குக் கணக்கு உண்டு. கடையில் மூட்டை வாங்க ஆதாரும் கைரேகையும்கூட வேண்டும். திரும்பிப் போகும் சரக்குக்கு மட்டும் ரசீது இல்லை. அந்த ரசீதைத் தண்ணீருக்குள் பாசி எழுதிக்கொண்டிருக்கிறது. படிக்கத்தான் ஆள் குறைவு.

பாசி எப்படி உரத்தைக் கணக்கு வைக்கிறது என்பதற்கு ஒரு பழைய விகிதம் இருக்கிறது. அமெரிக்கக் கடலியலாளர் ஆல்பிரட் ரெட்ஃபீல்ட் 1934இல் எழுதத் தொடங்கி 1958இல் விரிவாக நிலைநாட்டியது அது. மிதக்கும் பாசியின் உடலில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் 16, கார்பன் 106. இதை எடையாக மாற்றினால் 1 கிலோ பாஸ்பரஸ் ஏறக்குறைய 114 கிலோ உலர்ந்த பாசியைக் கட்டத் தேவையான அளவு. அந்தப் பாசி செத்து முழுக்க மட்க 142 கிலோ ஆக்சிஜன் வேண்டும். இப்போது மூட்டையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 10 கிலோவில் 5 சதவீதம் வாய்க்காலுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டால்:

ஓடிப்போன பாஸ்பரஸ்: அரை கிலோ
மூட்டை விலையில் 5 சதவீதம்: 67 ரூபாய் 50 காசு
அதிலிருந்து விளையக்கூடிய பாசி, உலர் எடையில்: 57 கிலோ
அது மட்கத் தேவையான ஆக்சிஜன்: 71 கிலோ
30 டிகிரி வெப்பத்தில் அவ்வளவு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் தண்ணீர்: சுமார் 95 லட்சம் லிட்டர்

கடைசி வரிக்கு ஒரு விளக்கம். நம்மூர் வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். குளிர்நாட்டு ஆறு 10 டிகிரியில் 11 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கும். ஆக, அதே அரை கிலோ பாஸ்பரஸ் இங்கிலாந்தில் செய்யும் சேதத்தைவிடத் திருநெல்வேலிச் சீமையில் செய்வது அதிகம்.

இந்தக் கணக்கு உச்சவரம்பு. நைட்ரஜன் பற்றாமல் போகலாம். ஆற்று ஓட்டம் பாசியை வளரவிடாமல் அடித்துக்கொண்டு போகலாம். கலங்கல் வெளிச்சத்தை மறைக்கலாம். வளரும்போது பாசியே ஆக்சிஜன் விடுகிறதே என்று கேட்கலாம். விடுகிறது. பகலில் விடுவதில் தண்ணீர் கொள்ளாதது காற்றுக்குப் போய்விடுகிறது. கடன் மட்டும் இன்னொரு நாள், இன்னொரு இடத்தில், அடிச்சேற்றில் வந்து நிற்கிறது.

ஆற்றின் அளவுக்கு இதைப் பெருக்கிப் பார்க்கலாம். பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். பொதுப்பணித் துறைக் கணக்கில் ஆயக்கட்டு 86,107 ஏக்கர். அத்தனையும் நெல் என்றும், ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில்) என்ற பரிந்துரை அப்படியே இடப்படுகிறது என்றும் கொண்டால் ஒரு பூவுக்கு இறங்கும் பாஸ்பரஸ் 760 டன். அதில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலும் 7.6 டன், பாசியாக 866 டன். வாழைக்கு மாறிய நிலத்தில் உரம் இன்னும் கூடுதலாகத்தான் விழுகிறது.

பழியை வயல்மீது மட்டும் போடுவது நியாயமில்லை. நம் நாட்டுச் சாப்பாட்டை வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் ஓர் ஆள் ஆண்டுக்கு மலம், மூத்திரம் வழியாக வெளியேற்றும் பாஸ்பரஸ் 0.4 கிலோ. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியில் 4,73,637 பேர். ஆண்டுக்கு 189 டன், நாளுக்கு 519 கிலோ. இது முழுக்க ஆற்றுக்குப் போவதில்லை. கக்கூஸ் தொட்டியில் கொஞ்சம், பாதாளச் சாக்கடையில் கொஞ்சம், சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றில் கொஞ்சம். நூற்றில் ஒன்று மட்டும் ஆற்றில் விழுகிறது என்று வைப்போம்: நாளுக்கு 5.2 கிலோ. அதன் பாசி மட்க 737 கிலோ ஆக்சிஜன். அதாவது 9 கோடியே 83 லட்சம் லிட்டர் தண்ணீரில் உள்ள மொத்த ஆக்சிஜன். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணீர் எடுக்கப் போட்ட திட்டத்துக்கு ஊரில் '20 எம்ஜிடி' என்றே பெயர். நாளுக்கு 2 கோடி காலன், லிட்டரில் 9 கோடியே 9 லட்சம். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது தற்செயல், ஆனாலும் ஒரு நகரத்தின் நூற்றில் ஒரு பங்குக் கழிவு எவ்வளவு தண்ணீருக்குச் சமம் என்று காட்ட இதைவிட நல்ல அளவுகோல் இந்த மாவட்டத்தில் இல்லை.

சரி, அரசு அளக்கிறதே? அளக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகள், தமிழ்நாட்டில் 6. அவற்றில் தாமிரபரணியும் ஒன்று, பாபநாசத்திலிருந்து ஆறுமுகநேரி வரை. பட்டியலில் சேர்க்க எல்லைக்கோடு, உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுவது. தண்ணீரை ஒரு குடுவையில் அடைத்து, 27 டிகிரியில் 3 நாள் இருட்டில் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்க்கும் சோதனை அது. தண்ணீரை அ முதல் உ வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் வாரியத்தின் அட்டவணையில் காரகாடித்தன்மை, கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை, கோலிஃபார்ம், அம்மோனியா, உப்பு என்று கட்டங்கள் உண்டு. பாசிக்குக் கட்டம் இல்லை. உயிரினங்களை வைத்து நீரை மதிப்பிட வாரியம் தனியாக ஒரு முறை வைத்திருக்கிறது. அது அடியில் ஊரும் பூச்சி, நத்தை, புழுக்களை எண்ணுகிறது. நல்ல முறைதான். ஆனால் பூச்சி காட்டுவது மூச்சுத்திணறலை. பாசி காட்டுவது அதற்கு முந்தைய கட்டமான ஊட்ட மிகுதியை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பச்சைப் பசேலென்று கிடக்கும் குளத்தில் காலை 11 மணிக்கு ஆக்சிஜன் அளந்தால் லிட்டருக்கு 11, 12 மில்லிகிராம்கூடக் காட்டும். கொள்ளளவே 7.5 என்று மேலே பார்த்தோம். வெயிலில் பாசி மும்முரமாக ஒளிச்சேர்க்கை செய்வதால் வரும் உபரி அது. குடிநீருக்கு உகந்த முதல் வகுப்புக்கு 6 மில்லிகிராம் போதும். ஆகவே அந்த நேரத்தில், அந்தக் கட்டத்தில், குளம் முதல் வகுப்பில் தேறிவிடும். அதே குளத்தில் விடியற்காலை 5 மணிக்கு அளந்தால் 2க்குக் கீழே போயிருக்கலாம். இரவெல்லாம் பாசியும் மூச்சுவிடுகிறது அல்லவா? மீன் செத்து மிதப்பது எப்போதும் விடியலில்தான், சாம்பிள் எடுப்பது எப்போதும் அலுவலக நேரத்தில்தான். காரகாடித்தன்மை மட்டும் காட்டிக்கொடுக்கும்: பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச மதிப்பு 9ஐத் தாண்டும். அட்டவணையின் வரம்பு 8.5. அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் ஆய்வக உதவியாளர்தான் நல்ல உதவியாளர்.

எண்ணும் வேலைக்கு வருவோம். 100 மில்லி பாட்டிலில் தண்ணீர் பிடித்ததும் செய்ய வேண்டியது பாசியைக் கொன்று பதப்படுத்துவது. இல்லையென்றால் பாட்டிலுக்குள்ளேயே ஒன்றையொன்று தின்று கணக்கு மாறிவிடும். அதற்கு லூகால் கரைசல்: 10 கிராம் அயோடின், 20 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 200 மில்லி காய்ச்சி வடித்த நீர், 20 மில்லி அசிட்டிக் அமிலம். 100 மில்லி தண்ணீருக்கு 0.7 மில்லி விட்டால் போதும். வெளிர் தேநீர் நிறம் வரும். ஒரு தடவை கலக்கியது 300 சாம்பிளுக்குக் காணும். அயோடின் ஏறிய செல்கள் கனத்து அடியில் படியும். சென்டிமீட்டருக்கு 4 மணி நேரம் என்பது நடைமுறை விதி, 10 சென்டிமீட்டர் குழாய்க்கு 40 மணி நேரம். அவசரக்காரருக்கு ஆகாத வேலை.

படிந்ததை எடுத்து எண்ணும் கண்ணாடித் தொட்டிக்கு செட்ஜ்விக்-ராஃப்டர் என்று பெயர். நீளம் 50 மில்லிமீட்டர், அகலம் 20, ஆழம் 1. கொள்ளளவு சரியாக 1 மில்லி. அடியில் கோடு கிழித்து 1,000 கட்டங்கள். எதேச்சையாக 30 கட்டங்களைப் பார்த்ததில் 96 செல் கிடைத்ததென்றால், கட்டத்துக்கு 3.2, மில்லிக்கு 3,200. இதில் பிழை எவ்வளவு? ஏறக்குறைய 100 எண்ணினால் 20 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 400 எண்ணினால் 10 சதவீதம். பிழையைப் பாதியாக்க வேலையை நான்கு மடங்காக்க வேண்டும். இந்தத் துறையின் முழுப் பொருளாதாரமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. இன்னொரு வம்பு: ஆசிலடோரியா நூலிழையாக வரும், மைக்ரோசிஸ்டிஸ் நூற்றுக்கணக்கான செல்கள் கொண்ட கூழ்க்கட்டியாக வரும். இழையை ஒன்று என்று எண்ணுவதா, உள்ளே உள்ள செல்லையெல்லாம் எண்ணுவதா? எதைச் செய்தோம் என்று சொல்லாமல் 'மில்லிக்கு இத்தனை' என்று அச்சடித்துவிடும் கட்டுரைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

செல் எண்ணிக்கை உடல்நலத்தோடு நேராகத் தொடர்புள்ள எண். நீலப்பச்சைப் பாசிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டுக் கையேடு வைத்த எச்சரிக்கைப் படிகள்: குடிநீர் எடுக்கும் இடத்தில் மில்லிக்கு 2,000 செல் என்றால் முதல் எச்சரிக்கை, 1,00,000 என்றால் இரண்டாவது. இடையில் 50 மடங்கு. மைக்ரோசிஸ்டிஸ் இரண்டு நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறதென்று வைத்தால் முதல் படியிலிருந்து இரண்டாவதை எட்ட 12 நாள்கூட ஆகாது. மாதம் ஒரு முறை சாம்பிள் எடுக்கும் திட்டத்தில் இரண்டு பாட்டிலுக்கு நடுவே ஒரு முழுப் பெருக்கம் வந்து, நஞ்சைக் கக்கி, செத்தும் போய்விடலாம். அந்த மைக்ரோசிஸ்டின் நஞ்சுக்குக் குடிநீரில் அனுமதி லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்; செல் வெடித்து நஞ்சு தண்ணீரில் கலக்கும், நஞ்சு அப்படியே இருக்கும்.

எண்ண நேரமில்லாதவர்கள் பச்சையத்தை அளக்கிறார்கள். வடிதாளில் வடித்து, 90 சதவீத அசிட்டோனில் பச்சையத்தைக் கரைத்து, நிறமானியில் பார்ப்பது. ஓஇசிடி அமைப்பு 1982இல் ஏரிகளுக்கு வகுத்த அளவுப்படி ஆண்டு சராசரி லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குள் என்றால் ஊட்டம் குறைந்த நீர், 8 வரை நடுத்தரம், 25 வரை ஊட்டம் மிகுந்தது, அதற்கு மேல் கட்டுக்கடங்காதது. மொத்தப் பாஸ்பரஸுக்கு ஒத்த எல்லைகள் 10, 35, 100 மைக்ரோகிராம். குளத்து வேலைக்கு இது வேகமான வழி. எந்தப் பாசி என்று சொல்லாது.

எந்தப் பாசி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஜெர்மனியில் கோல்க்விட்ஸும் மார்சனும் 1908இல் தாவரங்களுக்கு, 1909இல் விலங்குகளுக்கு என்று, கழிவைத் தாங்கும் உயிர்களின் பட்டியலைப் போட்டார்கள். அமெரிக்காவில் சி. மெர்வின் பால்மர் 1969இல் 165 ஆசிரியர்களின் அறிக்கைகளைத் திரட்டி, கழிவைத் தாங்கும் 20 பாசிப் பேரினங்களுக்கு மதிப்பெண் கொடுத்தார். இந்தியக் கல்லூரிகளில் குளத்தை ஆராயும் மாணவர்கள் இன்றும் கையில் எடுப்பது இந்தப் பட்டியலைத்தான். யூக்ளினா 5, ஆசிலடோரியா 5, கிளாமிடோமோனாஸ் 4, செனடெஸ்மஸ் 4, குளோரெல்லா, நேவிகுலா, நிட்ஸ்கியா ஆளுக்கு 3, பிறகு 2களும் 1களும். இருபதும் சேர்ந்தால் 44. ஒரு சாம்பிளில் 20ம் அதற்கு மேலும் வந்தால் கழிவு கலந்தது உறுதி. 15 முதல் 19 வரை சந்தேகம்.

கற்பனையாக ஒரு நுண்ணோக்கிக் கண்ணாடி வில்லை: ஆசிலடோரியா, யூக்ளினா, செனடெஸ்மஸ், நேவிகுலா, நிட்ஸ்கியா, குளோரெல்லா. 5, 5, 4, 3, 3, 3, கூட்டினால் 23. சாக்கடை கலந்த குளம். இன்னொன்று: நேவிகுலா 3, சினெட்ரா 2, கோம்ஃபோனீமா, குளோஸ்டீரியம், சைக்ளோடெல்லா தலா 1, மொத்தம் 8. நல்ல தண்ணீர்.

எளிமையாக இருக்கிறதல்லவா? அங்கேதான் எனக்கு நம்பிக்கை குறைகிறது. நேவிகுலா என்ற பேரினத்துக்குள் மலை ஓடையில் மட்டும் வாழும் இனமும் உண்டு, சாக்கடையில் செழிக்கும் இனமும் உண்டு. இரண்டுக்கும் 3 போடுவது, கடைத்தெருவில் நிற்கும் எல்லாரையும் கடன்காரர் என்று எழுதுவதற்குச் சமம். பால்மர் பட்டியலிலுள்ள அனசிஸ்டிஸ் என்ற பெயரே இன்று வழக்கில் இல்லை. சினெட்ரா, ஆசிலடோரியா இரண்டையும் வகைப்பாட்டாளர்கள் பல பேரினங்களாக உடைத்துவிட்டார்கள். பெயர் மாறியதும் மதிப்பெண் எங்கே போகும்? முதல்கட்டச் சல்லடையாகப் பால்மர் போதும். சான்றிதழ் கொடுக்கப் போதாது.

ஐரோப்பாவில் இன்று ஆற்றைச் சோதிக்க அதிகம் நம்புவது டயாட்டத்தை. சிலிக்காவால் ஆன இரட்டை ஓடு கொண்ட பாசி அது. ஓட்டிலுள்ள வரிகளையும் துளைகளையும் வைத்து இனம் வரை சொல்லலாம். தண்ணீரில் மிதப்பதைவிடக் கல்லில் ஒட்டியிருப்பது பயனுள்ளது. பாட்டில் தண்ணீர் அந்த நிமிடத்தைச் சொல்லும், கல்லில் ஒட்டியது பல வாரங்களைச் சொல்லும். படித்துறைக் கல்லில் கால் வைத்ததும் வழுக்குகிறதே, அந்தப் பழுப்புப் படலத்தில் பெரும்பாலும் டயாட்டம்தான். ஆற்றிலிருந்து ஐந்து கல் எடுத்து, பத்து இருபது ரூபாய் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, தட்டில் கழுவி எடுப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புது பிரஷ். சிக்கனம் பார்த்துப் பழையதைக் கொண்டுபோனால் பாபநாசத்துப் பாசி ஸ்ரீவைகுண்டத்தில் முளைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடில் காய்ச்சினால் உயிர்ப்பொருள் எரிந்து வெறும் ஓடு மிஞ்சும். சிலிக்கா ஓட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.43, தண்ணீரில் வைத்தால் ஓட்டின் வரிகள் தெளிவாகத் தெரியாது. ஆகவே 1.73 எண் கொண்ட நாஃப்ராக்ஸ் என்ற பிசினில் பதிக்கிறார்கள். எண்ணெய் விட்டு 1,000 மடங்கு பெருக்கத்தில் 400 ஓடுகளை இனம் பிரித்து எண்ணினால் ஒரு சாம்பிள் முடிந்தது. மாணவர்கள் பயன்படுத்தும் இரட்டைக்கண் நுண்ணோக்கி சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. செலவு அதில் இல்லை.

இந்தக் கரைக்கென்று இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது உப்பு. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது தூத்துக்குடியில். கடல் நீர் பாமே அளவில் 3, 3.5 டிகிரி, பாத்தி பாத்தியாக ஏற்றி 25 டிகிரி வந்தால் உப்புப் பூக்கும். ஏறும் வழியில் பாசி ஆள் மாறிக்கொண்டே வரும். கடைசிப் பாத்திகளின் செந்நிறத்தில் டுனாலியெல்லா சலைனாவுக்குப் பங்குண்டு. அதன் உலர் எடையில் 10 சதவீதம் வரை பீட்டா கரோட்டின் சேரும். உப்பளத்தில் அந்த நிறம் நல்ல சகுனம். பக்கத்து நன்னீர்க் குளத்தில் உவர்நீர் டயாட்டம் வந்தால் கதை வேறு. ஐரோப்பிய ஆறுகளுக்குச் செய்த மதிப்பெண் பட்டியல்கள் உப்பைத் தாங்கும் இனத்தைப் பெரும்பாலும் அழுக்கைத் தாங்கும் இனமாகவே நடத்துகின்றன. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, கழிமுகத்தை நெருங்க நெருங்க, அந்தப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் கடல் உப்புக்கும் சாக்கடைக்கும் ஒரே மதிப்பெண் விழும். அதே சமயம், கோரம்பள்ளம் போன்ற கடைமடைக் குளத்தில் உவர் இனங்கள் ஆண்டுக்காண்டு கூடுகின்றன என்றால் அது வேறொரு செய்தி: மேலிருந்து வர வேண்டிய நல்ல தண்ணீர் வரவில்லை.

இரண்டாவது வெள்ளம். 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டு மழையே சராசரியாக 65 சென்டிமீட்டர் சுமார்தான். அப்படியொரு வெள்ளம் கல்லை உருட்டித் தேய்த்துப் பாசிப் பேரேட்டை வெற்றுத்தாளாக்கிவிடும். வெள்ளம் வடிந்து 4 வாரமாவது பொறுத்தபின் சாம்பிள் எடுக்கச் சொல்கிறது ஐரோப்பியத் தர விதி. முதல் வாரத்தில் எடுத்து 'ஆறு சுத்தமாகிவிட்டது' என்று அறிக்கை விடுவது சுலபம்.

கடலில் கணக்கு எப்படி முடிகிறது என்பதையும் ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடா மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகா என்ற மிதவை நுண்ணுயிர் 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் பெருகியது. 2019இல் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் தீவுகளருகே அளந்தபோது கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தது. மீனோடு பவளமும் மூச்சுமுட்டிச் செத்தது. இதை முழுக்க ஆற்றின் தலையில் கட்ட முடியாது. காற்றும் நீரோட்டமும் கடலுக்குள் நடக்கும் தீனிச் சங்கிலியும் சேர்ந்து செய்த வேலை. ஆக்சிஜன் தீரும் முறை மட்டும் குளத்தில் நடப்பதேதான்.

இனி கூலிக் கணக்கு. 8 அணைக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் மேலே ஒன்று கீழே ஒன்று, மாதம் ஒரு முறை: ஆண்டுக்கு 192 வில்லைகள். வில்லைக்கு 400 ஓடு, மொத்தம் 76,800. தேர்ந்த ஓர் ஆள் நாளுக்கு ஒரு வில்லை முடிப்பார் என்றால் 192 வேலைநாள். ஆண்டில் வேலைநாள் 250 என்று வைத்தால் சாம்பிள் எடுக்கவும் காய்ச்சவும் எழுதவும் 58 நாள் மிச்சம். ஆக ஒரு முழு ஆற்றுக்கு ஒரே ஒரு சம்பளம். லூகால் ஒரு கலக்கல் ஆண்டு முழுக்கப் போதும். பிரஷ் 192. வில்லைப் பெட்டி, 100 கொள்ளுவது, இரண்டு.

அந்த ஆளைத் தேடுவதுதான் பாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. அய்யங்கார் வளர்த்த பாசியியல் பள்ளியை ஒரு காலத்தில் உலகம் திரும்பிப் பார்த்தது, ஜி. வெங்கட்ராமன் தென்னிந்திய டயாட்டங்களை 1939இல் படம் போட்டு வெளியிட்டார்; டி.வி. தேசிகாச்சாரியின் நீலப்பச்சைப் பாசி நூல் 1959இல் வந்தது, 686 பக்கம், இன்னும் மேசையில் திறந்தே கிடக்கும் நூல். நல்ல தண்ணீரில் எந்த இனம், கெட்ட தண்ணீரில் எந்த இனம் என்று நம் ஆறுகளுக்கே உரிய மதிப்பெண் பட்டியல் போட வேண்டியவர்கள் அந்த வழிவந்தவர்கள்தான். எண்ணும் கைக்கோ தூத்துக்குடியில் பஞ்சமில்லை. பக்கத்து வேப்பலோடையில் 1973இல் கே. அழகர்சாமி குழு வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டியது. 1981இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் முத்துச்சிப்பிக் குஞ்சைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கியது. அந்தக் குஞ்சுகளுக்குத் தீனி ஐசோக்ரைசிஸ் என்ற நுண்பாசி. எத்தனை செல் ஊற்றுகிறோம் என்று தெரியாமல் தொட்டியில் ஊற்ற முடியாது. எண்ணித்தான் ஊற்ற வேண்டும். 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரியும் இதே ஊரில்தான் இருக்கிறது.

எட்டு அணைக்கும் பணம் இல்லையென்றால் மூன்றில் தொடங்கலாம். சுத்தமல்லி திருநெல்வேலி நகரத்துக்கு முன்னால் வரும் அணை, மருதூர் நகரத்தைத் தாண்டி வருவது, ஸ்ரீவைகுண்டம் கடைசி. சுத்தமல்லி வில்லைக்கும் மருதூர் வில்லைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு நகரத்தின் கணக்கு. மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு வயலின் கணக்கு. மூன்று இடம், தலா இரண்டு, 12 மாதம்: 72 வில்லை, 28,800 ஓடு. ஒரு பெட்டியில் அடங்கிவிடும். 28 குழி காலியாகவும் இருக்கும்.